அறுகோணப் பெட்டியை அதன் பெயர் சொல்லி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் நாட்டார் இசைக் கலைஞர்கள் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கும் படத்தை அண்மையில் தங்கள் நாளிதழில் கண்டேன். அத்தகைய இசைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி; அதற்கு என் நன்றி. படத்தின் நடுவில் இருந்த பெண்மணியின் மடியில், இரண்டு கைகளுக்கு இடையே அடங்கிவிடக்கூடிய அறுகோணப் பெட்டி ஒன்று இருந்தது. படத்தின் கீழே அச்சாகியிருந்த குறிப்பு அதை அக்கார்டியன் என்று சொல்லியது. அது கான்செர்டினா. துருத்தி வைத்த பெட்டி எதுவானாலும் ஒன்றுதானே, இதற்காக ஒரு கடிதமா என்று தோன்றலாம். பல ஆண்டுகளாக அந்தக் கருவியை விரும்பிக் கேட்டு வருபவன் என்ற முறையில், அது ஒன்றல்ல என்று பணிவோடு சொல்ல விரும்புகிறேன். நாட்டார் இசையில் கருவி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறதோ, அதை ஒட்டித்தான் பாட்டின் நடை அமைகிறது. கருவியின் பெயர் மாறிப்போனால், கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டுமோ அதுவே கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

அக்கார்டியன் என்ற பெயரில் வியன்னாவில் சிரில் டெமியன் காப்புரிமை பெற்ற ஆண்டு 1829. ஒரு கட்டையை அழுத்தினால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கருவியின் பெயரும் அந்தச் சேர்ந்தொலித்தலிலிருந்தே வந்தது. அதே 1829இல் லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டோன் வேறொரு வழியில் சென்றார். மின்தடையை அளப்பதற்குப் பள்ளியில் படிக்கும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்ற பெயருக்கு உரியவர் இவரேதான். இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வந்தவர். வாயால் ஊதும் ஒரு சிறு கருவிக்கு அந்த ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். அதன் பக்கங்களில் இருந்த பொத்தான் வரிசையே பின்னர் துருத்தியோடு சேர்ந்து கான்செர்டினா ஆயிற்று. 1844இல் அதற்குத் தனிக் காப்புரிமையும் பெற்றார். கான்செர்டினாவில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள் வேண்டுமென்றால் வாசிப்பவரே விரல்களைக் கூட்டி அமைக்க வேண்டும். அக்கார்டியனில் விரல் அழுத்தும் திசை ஒன்று, துருத்தி அசையும் திசை வேறொன்று. கான்செர்டினாவில் விரலும் துருத்தியும் ஒரே திசையில் செல்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரு நொடியில் புரியும்; கேட்பவர்களுக்குச் சற்றுப் பழக்கம் தேவைப்படும்.

ஒலி பிறக்கும் முறை ஆர்மோனியம் கேட்டு வளர்ந்த யாருக்கும் புதிதாக இருக்காது. ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை அசையக்கூடிய மெல்லிய உலோக நாக்கு, காற்று கடக்கும்போது தன் சட்டத்தின் துளைக்குள் முன்னும் பின்னுமாக அதிர்கிறது. அதைத்தான் ரீடு என்கிறோம். சீனாவின் ஷெங் என்னும் பழங்கருவியில் இருப்பதும் இதே தத்துவம்தான். கான்செர்டினாவின் ரீடு காற்றின் ஒரு திசைக்கு மட்டுமே பேசும் என்பதால், அதன் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் இரண்டு ரீடுகள் இருக்கின்றன: துருத்தியை உள்ளே தள்ளும்போது ஒன்று, வெளியே இழுக்கும்போது ஒன்று. இந்த இரண்டு ரீடுகளையும் என்ன சுரத்துக்குச் சுருதி சேர்ப்பது என்ற கேள்வியில்தான் கான்செர்டினாவின் வரலாறே இரண்டாகப் பிரிகிறது.

வீட்ஸ்டோனின் ஆங்கில வகையில் இரண்டு ரீடுகளும் ஒரே சுரம். தள்ளினாலும் இழுத்தாலும் அதே ஒலி. 48 பொத்தான்கள், 96 ரீடுகள். ஒரு சுரம் இடது கையில் இருந்தால் அடுத்தது வலது கையில் என்று வரிசை மாறி மாறிச் செல்கிறது. எனவே வாசிப்பு தடையின்றி ஒழுகும்; 19ஆம் நூற்றாண்டில் ஜூலியோ ரெகோண்டி போன்ற வித்வான்கள் இதை வயலினுக்கு இணையாகக் கச்சேரி மேடையில் வாசித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் 1834 அளவில் கார்ல் ஃபிரீட்ரிக் ஊலிக் செய்த வகையிலோ, மவுத் ஆர்கனில் ஊதும்போது ஒரு சுரமும் உறிஞ்சும்போது வேறு சுரமும் வருவதுபோல, ஒரே பொத்தான் தள்ளும்போது ஒன்றும் இழுக்கும்போது மற்றொன்றுமாக ஒலிக்கும். இந்த ஜெர்மன் அமைப்பை இங்கிலாந்தின் கைவினைஞர்கள் விரிவாக்கியதே ஆங்கிலோ என்று அழைக்கப்படும் வகை. தங்கள் படத்தில் இருந்தது இதுதான் என்று, கையின் பின்புறம் குறுக்கே ஓடிய தோல் பட்டையைக் கொண்டு ஊகிக்கிறேன். ஆங்கில வகையாக இருந்திருந்தால் கட்டை விரல் மட்டும் ஒரு சிறு தோல் வளையத்துக்குள் நுழைந்திருக்கும்.

நானும் முதலில் இவற்றைப் பிரித்தறியாமல்தான் கேட்டு வந்தேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கிளேர் மாவட்டத்துக் கலைஞர்களின் பதிவுகளில் ஏதோ ஒரு துள்ளல் இருக்கிறது, அது வயலினிலும் இல்லை, குழலிலும் இல்லை என்ற அளவில் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் துள்ளல் எங்கிருந்து வருகிறது என்பது, துருத்தியின் திசைமாற்றத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் விளங்கியது. ஆங்கிலோ வாசிப்பவர் ஒரு வரிக்குள்ளேயே பலமுறை தள்ளியும் இழுத்தும் ஆக வேண்டும். ஒவ்வொரு திசைமாற்றத்திலும் காற்று ஒரு கணம் நின்று மீண்டும் புறப்படுகிறது. அந்தக் கண நேர இடைவெளி சுரங்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தனித்தனியாகத் தெறிக்க வைக்கிறது. கருவியின் குறை என்று ஒருவர் சொல்லக்கூடிய இதையே கிளேர் கலைஞர்கள் நடனத்தின் உயிராக ஆக்கிக்கொண்டார்கள். எந்தச் சுரத்தைத் தள்ளி எடுப்பது, எதை இழுத்து எடுப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருக்கிறது. அதனால் ஒரே பாட்டை இருவர் வாசித்தால், மூச்சு வாங்கும் இடம் மாறுவதுபோல, பாட்டின் அழுத்தங்களும் மாறுகின்றன. இது தெரிந்த பிறகு, முன்பு நூறு முறை கேட்டிருந்த பதிவையே புதிதாகக் கேட்பதுபோல் இருந்தது.

கிளேர் மாவட்டத்தில் ஒரு காலத்தில் கான்செர்டினா பெரும்பாலும் பெண்களின் கருவியாக விளங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஜெர்மனியிலிருந்து மலிவாக வந்திறங்கிய கருவிகள் கிராமத்து வீடுகளுக்குள் எளிதாகப் புகுந்தன. அடுப்படியிலேயே இசை, அங்கேயே நடனம். 1935இல் கொண்டுவரப்பட்ட பொது நடன அரங்குச் சட்டம் வீட்டு நடனங்களுக்கு எதிராகவும் பயன்படுத்தப்பட்டபோது, அந்த வீடுகளோடு சேர்ந்து இந்தக் கருவியும் ஓசை குன்றியது. கில்ரஷ் என்ற ஊரில் கணவரோடு மதுக்கடை நடத்திவந்த எலிசபெத் குரொட்டி அம்மையார், 1885இல் பிறந்து 1960இல் மறைந்தவர், அந்த இசையை விடாமல் வாசித்து வந்தார். 1950களில் அயர்லாந்து வானொலிக்காக எடுக்கப்பட்ட பதிவுகள் மூலம் அவருடைய வாசிப்பு நாடெங்கும் சென்றது. பதிவின் தரம் இன்றைய காதுகளுக்குப் பழையதாகத் தோன்றலாம். ஆனால் அவசரமே இல்லாத அந்த நடையைக் கேட்கும்போது, வேகம் வேறு, துள்ளல் வேறு என்பது எனக்குத் தெளிவாகிறது. இன்றைய இளைய கலைஞர்களில் சிலர் வேகத்தையே திறமையாக எண்ணுவதைக் காணும்போது, அம்மையாரின் பதிவுகளை அவர்கள் இன்னும் சில முறை கேட்கலாகாதா என்று வருந்துவேன். 1951இல் முல்லிங்கரில் தொடங்கிய ஃப்ளா கியோல் என்னும் இசை விழாவும், 1973 முதல் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் வில்லி கிளான்சி பெயரில் நடந்துவரும் கோடைகாலப் பயிற்சியும், நோயல் ஹில் போன்ற கலைஞர்களின் உழைப்பும் சேர்ந்து, கான்செர்டினாவை இன்று அந்நாட்டின் இளைஞர்கள் விரும்பிக் கற்கும் கருவிகளில் ஒன்றாக ஆக்கியிருக்கின்றன.

இந்த இசையைப் புதிதாகக் கேட்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருகிறது என்பார்கள். ராகத்தை விரித்துச் செல்லும் ஆலாபனைக்குப் பழகிய காது அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஐரிஷ் நடனப் பாட்டு ஒன்றுக்கு வழக்கமாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு அளவைகள் கொண்டது. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று முடியும். ஜிக் என்றால் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. ரீல் என்றால் நான்கு நான்காக ஓடும் சதுஸ்ர நடை. இரண்டு அல்லது மூன்று சுற்றுக்குப் பிறகு, நிறுத்தாமலேயே வேறொரு பாட்டுக்குத் தாவுவார்கள். புதிய பாட்டு வேறு சுருதியில் தொடங்கினால், அந்தத் தாவல் நிகழும் நொடியில் கேட்பவரின் உடல் தன்னையறியாமல் நிமிரும். முதல் சுற்றில் பாட்டின் உருவத்தைக் காட்டுகிறார்கள். இரண்டாவதில் ஓரிடத்தில் ஒரு சிறு அலங்காரம், மூன்றாவதில் வேறோரிடத்தில் ஒரு கார்வை. மாற்றம் இவ்வளவுதான், ஆனால் அந்த அளவுக்குள் நிகழ்வதுதான் அவர்களுடைய கலை. ஒரு ரீல் நடன வேகத்தில் ஒரு சுற்றை முடிக்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்று கைப்பேசியில் பரவும் அரை நிமிடத் துணுக்குகள் ஒரு சுற்றைக்கூட முழுதாகக் காட்டுவதில்லை; அதைப் பார்த்துவிட்டு இந்த இசை எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் இன்னும் அதைக் கேட்கவே தொடங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இங்கிலாந்தின் கதையும் கான்செர்டினாவோடு பிணைந்தது. 1899 டிசம்பர் 26 அன்று, கடும் உறைபனியால் கட்டட வேலை நின்றுபோன ஹெடிங்டன் குவாரி என்ற ஊரின் தொழிலாளர்கள், கால்களில் சலங்கை கட்டி மோரிஸ் நடனம் ஆடிச் சில காசுகள் தேடப் புறப்பட்டார்கள். பருவம் தப்பிய ஆட்டம் அது, வயிற்றுக்காக ஆடியது. அவர்களுக்கு ஆங்கிலோ வாசித்தவர் வில்லியம் கிம்பர் என்ற இளம் கொத்தனார். அவர்கள் சென்று ஆடிய ஒரு வீட்டுக்கு விருந்தினராக வந்திருந்த செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர் சாளரம் வழியாக அந்த ஆட்டத்தைக் கண்டு, கிம்பரை மறுநாள் வரச்சொல்லிப் பாட்டுகளைக் குறித்துக்கொண்டார். இங்கிலாந்தின் நாட்டார் நடனத்துக்கு மீண்டும் உயிர் வந்த நாள் என்று அதைச் சொல்வார்கள். ஷார்ப்பின் பெயர் நூல்களில் பெரிதாக நிற்கிறது; கிம்பரோ, 1961இல் மறையும் வரை தம் ஊரிலேயே வாழ்ந்து, தாம் அறிந்ததைப் பிறருக்குக் கற்பித்தார். அவருடைய வாசிப்பின் பதிவுகள் இருக்கின்றன. வலது கை பாட்டைப் பாட, இடது கை ஆட்டக்காரரின் பாதம் மண்ணில் பதியும் இடத்தைக் குத்திக் காட்டுவதைக் கேட்கலாம். கிளேர் வாசிப்பில் இடது கை இப்படி நடந்துகொள்வதில்லை. கருவி ஒன்றே, ஆடுபவர் குதிக்கும் விதம் வேறாக இருப்பதால் வாசிப்பும் வேறாகிறது.

ஊலிக்கின் கருவியிலிருந்து கிளைத்த மற்றொன்று பண்டோனியன். 1840களில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் ஹைன்ரிக் பாண்ட் உருவாக்கிய இந்தச் சதுரப் பெட்டி, குடியேறியவர்களோடு கடல் கடந்து தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாட்டா கரைக்குச் சென்று டாங்கோவின் குரலாகிவிட்டது. வழக்கமான டாங்கோக் கருவியில் 71 பொத்தான்கள், 142 ஒலிகள். தள்ளும்போது ஒரு வரைபடம், இழுக்கும்போது முற்றிலும் வேறொரு வரைபடம், இரண்டு கைக்கும் தனித்தனியே. நான்கு வரைபடங்களை விரல்களில் ஏற்றிக்கொண்டால்தான் வாசிக்க முடியும். கலைஞர்கள் பலர் நீண்ட வரிகளை இழுப்பிலேயே வாசிப்பதை விரும்புவதால், துருத்தி முழங்கால் மேல் வளைந்து விரிந்துகொண்டே போகும். ஆஸ்டர் பியாசொல்லா மட்டும் நின்றுகொண்டு, ஒரு காலை உயர்த்தி அதன் மேல் கருவியை வைத்து வாசிப்பார். டாங்கோவின் ஏக்கம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் எவ்வளவு அந்த நீண்ட இழுப்பிலிருந்து பிறக்கிறது என்பதை, ஒரு நல்ல நிகழ்ச்சியைப் பார்த்தபடியே கேட்டால் உணரலாம்.

தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர் மக்களின் நடன இசையிலும், சுரங்க நகரங்களுக்கு வேலை தேடிச் சென்ற ஜூலு தொழிலாளர்களின் இசையிலும் இதே கான்செர்டினா புகுந்தது. நிறவெறிச் சட்டங்களால் பிரித்து வைக்கப்பட்ட இரு மக்களும் ஒரே பெட்டியைக் கையில் ஏந்தியிருந்தார்கள். ஜூலு கலைஞர்கள் தங்கள் பாடலின் சுரங்களுக்குப் பொருந்துமாறு ரீடுகளையே மாற்றி அமைத்துக்கொண்டார்கள். ஓர் ஐரோப்பியத் தொழிற்சாலை தீர்மானித்த வரிசைக்குத் தங்கள் பாட்டை வளைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. இந்த ஒரு செய்தியே எனக்கு அந்த இசையின் மேல் தனி மதிப்பை உண்டாக்கியது.

கான்செர்டினாவை மட்டும் கேட்டுக்கொண்டு நான் நின்றுவிடவில்லை. கருவியின் கட்டுமானத்தைக் கவனிக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், மற்ற நாட்டார் இசைகளும் அதே வழியில் திறக்கின்றன. மாலி நாட்டின் கோரா 21 நரம்புகள் கொண்டது. அதை இரு கைகளின் கட்டை விரல்களாலும் ஆட்காட்டி விரல்களாலும் மட்டுமே மீட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, 2024இல் மறைந்த துமானி ஜபாத்தேயைக் கேட்டால், மூவர் வாசிப்பதாக நினைத்தது ஒருவரே என்று புரிந்து மலைத்துப்போவோம். டிரான்சில்வேனியாவின் ஹங்கேரியச் சிற்றூர்களில் வயலினுக்குத் துணையாக வரும் வியோலாவில் மூன்றே நரம்புகள். அதன் பாலத்தைத் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள், ஒரு வில் வீச்சில் மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஓசைதான் ஆட்டத்தைத் தாங்கும் தரை. 1972இல் புடாபெஸ்டில் இளைஞர்கள் தொடங்கிய நடன வீடு என்னும் கூடுகைகளில், கலைஞர்களைப் பார்த்தபடி அமர்ந்திருக்காமல், வந்தவர்கள் எல்லோரும் ஆடக் கற்றுக்கொண்டார்கள். 2011இல் யுனெஸ்கோ அதை மரபுக் காப்புக்கு முன்மாதிரியான முயற்சியாகப் பதிவுசெய்தது. பல்கேரியாவின் ராச்செனிட்சா நடனமோ இரண்டு, இரண்டு, மூன்று என ஏழு எண்ணிக்கையில் செல்கிறது. விலோம சாபு அறிந்த காது அதை முதல் வரியிலேயே பிடித்துக்கொள்ளும். பிற நாட்டினர் திணறும் இடத்தில் தமிழ் வாசகர் இயல்பாகத் தாளம் போடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. தாங்கள் இத்தகைய படத்தையோ நிகழ்ச்சிக் குறிப்பையோ வெளியிடும்போது, கருவியின் பெயர், வாசிப்பவரின் பெயர், பாட்டு எந்த நடனத்துக்கு உரியது, எந்த ஊரின் வழக்கம் என்பவற்றைச் சேர்த்து வெளியிட வேண்டும். உலக இசை என்ற பொதுப் பெயர் அவற்றுக்கு ஈடாகாது. ஒரு தனிப் பத்தி ஒதுக்க இயலுமானால், வாரத்துக்கு ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அது எப்படி ஒலிக்கிறது, அதனால் பாட்டு எப்படி நடக்கிறது என்று 200 சொற்களில் எழுதினாலும் போதுமானது. மோசஸ் ஆஷ் 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபோக்வேஸ் நிறுவனம், தன் இசைத்தட்டுகளோடு பாடியவர், பாடப்பட்ட இடம், பாட்டின் பொருள் ஆகியவற்றை விளக்கும் சிறு கையேட்டையும் வைத்து அனுப்பியது. 1987இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் அதை ஏற்றபோது, 2,000க்கும் மேற்பட்ட அந்தத் தட்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதே உடன்பாடு. விற்குமா விற்காதா என்று பார்க்காமல் ஒருவர் சேர்த்துவைத்த அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால்தான், மொழி தெரியாத பாட்டுகளும் எனக்கு நெருக்கமாயின. அந்த நெருக்கம் தங்கள் வாசகர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தப் படத்தில் இருந்த பெண்மணியின் பெயரும் அச்சாகவில்லை. தங்கள் அலுவலகத்தில் அது இருக்குமானால், அடுத்த திருத்தக் குறிப்பில் அவருடைய பெயரோடு, கான்செர்டினா, ஆங்கிலோ வகை என்ற மூன்று சொற்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்